முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (ஜூலை 30, 1886 - ஜூலை 22, 1968) தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர், சமூகச் சீர்திருத்தவாதி மற்றும் பெண்ணுரிமைப் போராளி ஆவார். பிரித்தானிய இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினராகப் பொறுப்பேற்ற முதல் பெண்களுள் ஒருவர். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரும் முதல் பெண் துணைத் தலைவரும் இவரே. சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டமன்றத்தில் குரல் கொடுத்தார். அவ்வழக்கத்திலிருந்து வெளியேறிய சிறுமியருக்கும் ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கும் சென்னையில் அவ்வை இல்லத்தை நிறுவினார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தோன்றவும் இவரே காரணமாக இருந்தார்.

இவரை இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் எனப் பல நூல்களும் பாடப்புத்தகங்களும் குறிப்பிடுகின்றன. இது சரியன்று. ஆனந்திபாய் ஜோஷி, காதம்பினி கங்குலி ஆகியோர் இவர் பிறந்த ஆண்டான 1886-இலேயே மருத்துவத் தகுதி பெற்றுவிட்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் 1875 முதலே பெண்கள் பயின்றுள்ளனர். இவருடைய பெருமைக்கு அந்த அடைமொழி தேவையுமில்லை.

பிறப்பும் குடும்பமும்

முத்துலட்சுமி புதுக்கோட்டை சமஸ்தானத்தில், புதுக்கோட்டை நகரை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் பிறந்தார். இவ்வூரில் உள்ள கோகர்ணேசுவரர் கோயில் குடைவரைக் கோயிலாகத் தொடங்கிப் பின்னர் விரிவடைந்தது. இக்கோயிலின் அம்மனான பிரகதாம்பாள் தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். புதுக்கோட்டையின் அம்மன் காசில் பொறிக்கப்பட்டிருப்பதும் இத்தெய்வத்தின் உருவமே. பெரிய கோயில்கள் பலவற்றில் அந்நாளில் இருந்தது போலவே, இறைபணிக்கெனப் பொட்டுக்கட்டிக்கொண்ட பெண்களின் குடும்பங்கள் புதுக்கோட்டைப் பகுதியிலும் இருந்தன.

தாயார் சந்திரம்மாள், பிற்காலத்தில் இசை வேளாளர் என அழைக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். தந்தையார் நாராயணசாமி ஐயர் பிராமணர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். முத்துலட்சுமி இவர்களின் மூத்த மகள். தங்கையருள் ஒருவரான நல்லமுத்து இராமமூர்த்தி பின்னாளில் சென்னை இராணி மேரி கல்லூரியின் முதல்வரானார். மற்றொரு தங்கையான சுந்தரம்மாள் இளம் வயதிலேயே புற்றுநோயால் இறந்தார். நாராயணசாமி ஐயரின் முதல் மனைவி வழிப் பேரனான நடிகர் ஜெமினி கணேசனுக்கு முத்துலட்சுமி அத்தை முறை.

சந்திரம்மாள் பிறந்த சமூகத்தில் ஒரு பெண் குழந்தையின் வாழ்க்கை எப்படி அமையக்கூடும் என்பதை முத்துலட்சுமி வீட்டிலேயே அறிந்திருந்தார். தேவதாசி முறை குறித்துச் சட்டமன்றத்தில் பேசிய மற்றவர்களுக்கும் இவருக்கும் இருந்த முதன்மையான வேறுபாடு இது.

கல்வி

முத்துலட்சுமி சிறுவயதில் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பூப்பெய்தியதும் அக்கால வழக்கப்படி பள்ளிப் படிப்பு நின்றது. ஆனால் தந்தையார் படிப்பை நிறுத்த மனமின்றி வீட்டிலேயே கற்பிக்க ஏற்பாடு செய்தார். வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிகுலேசன் தேர்வில் தேறினார். தாயார் இவருக்கு விரைவில் திருமணம் செய்துவைக்கவே விரும்பினார்.

அடுத்து மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. அது ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரி. ஒரு பெண் வகுப்பில் அமர்ந்தால் மாணவர் ஒழுக்கம் கெடும் என்று ஒரு சாரார் கூறினர். தாயாரின் குலத்தைச் சுட்டிக்காட்டியும் தடை சொல்லப்பட்டது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இத்தடைகளைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்ததோடு உதவித்தொகையும் வழங்கினார். (முத்துலட்சுமி பிறந்த 1886-ஆம் ஆண்டில்தான் இம்மன்னரும் சிறுவனாக அரியணை ஏறினார்.) இவ்வாறு அக்கல்லூரியின் முதல் மாணவியானார். திரையிட்ட வண்டியில் கல்லூரிக்குச் சென்றுவந்தார். இன்று மாமன்னர் கல்லூரி என வழங்குவது இக்கல்லூரியே.

ஒரு பெண் படிக்க வேண்டுமானால் அவள் அறிவோடு இருந்தால் மட்டும் போதாது. சென்றுவரப் பாதுகாப்பான வழியும், பள்ளிக்கு வெளியே கற்பிக்க ஒருவரும், சேர்க்க மறுப்போரை மீறிச் சேர்க்கும் அதிகாரம் உடைய ஒருவரும் வேண்டும் என்பதை இவரது இளமை காட்டுகிறது. முத்துலட்சுமிக்கு இம்மூன்றும் கிடைத்தன. இவருடைய தாயின் சமூகத்தில் பிறந்த மற்றச் சிறுமியருக்கு அவை கிடைக்கவில்லை.

1907-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பல பாடங்களில் பதக்கங்கள் பெற்று 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். எழும்பூரில் இருந்த அரசு மகப்பேறு மருத்துவமனையில் அறுவை மருத்துவ உள்ளுறை மருத்துவராகப் பணியாற்றிய முதல் பெண் இவரே.

மருத்துவப் பணியும் திருமணமும்

1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் பணிகளில் குறுக்கிடக் கூடாது என்னும் நிபந்தனைகளை ஏற்ற பின்னரே திருமணத்திற்கு இசைந்தார். இவர்களுக்கு இராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு மகன்கள்.

சென்னையில் மருத்துவத் தொழில் செய்த காலத்தில், சகோதரி சுப்புலட்சுமி நடத்திவந்த இளம் விதவையர் இல்லத்தில் வாழ்ந்த பெண்களுக்கும் சிகிச்சை அளித்தார். சுப்புலட்சுமியும் 1886-இல் பிறந்தவரே. குழந்தைத் திருமணத்தால் கணவனை இழந்த பிராமணச் சிறுமியரை ஓர் இல்லத்தில் சேர்த்து, அங்கிருந்து பள்ளிக்கும் பயிற்சிக் கல்லூரிக்கும் அனுப்பி, ஆசிரியைகளாக்கியது அவருடைய முறை. உறைவிடமும் படிப்பும் ஒரே கூரையின் கீழ் அமைந்தால் சமூகம் ஒதுக்கிய பெண்கள் தம் காலில் நிற்க இயலும் என்பதற்கு முத்துலட்சுமி அருகிருந்து கண்ட சான்று அது. ஆனால் அவ்வில்லம் ஒரு சாதிப் பெண்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது.

1925-இல் பெண்கள், குழந்தைகள் நோய்கள் குறித்த உயர் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். 1926-இல் பாரிசில் நடைபெற்ற அனைத்துலகப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். பெண்களையும் குழந்தைகளையும் விலைக்கு விற்கும் கொடுமையை உலக நாடுகள் சங்கம் ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது.

சட்டமன்றத்தில்

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921-இல் கிடைத்தது. சொத்துத் தகுதி உடையோருக்கே அவ்வுரிமை என்பதால் மிகச் சிலரே வாக்களிக்க முடிந்தது. பெண்கள் உறுப்பினராகும் உரிமை 1926-இல் வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்றார். பின்னர் இந்திய மாதர் சங்கத்தின் பரிந்துரையின் பேரில் அரசு முத்துலட்சுமியை உறுப்பினராக நியமித்தது. 1927-இல் அவை கூடியபோது துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவர் அவையில் இருந்தது ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளே. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழைப் பெண் குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வி, குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை ஆகியவற்றை வலியுறுத்தினார். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் 1929-ஆம் ஆண்டின் சாரதா சட்டத்தை ஆதரித்தார். இந்தியாவில் கல்வியின் நிலையை ஆராய்ந்த ஹார்ட்டாக் குழுவிலும் உறுப்பினராக இருந்து பல மாகாணங்களுக்குச் சென்றார்.

தேவதாசி முறை குறித்த தீர்மானத்தை இவர் நவம்பர் 1927-இல் கொண்டுவந்தார். இதன் தேவையைப் புரிந்துகொள்ள அன்றைய சட்ட நிலையை அறிய வேண்டும். பதினெட்டு வயதிற்குட்பட்ட சிறுமியை விபசாரத்திற்காக விற்பதும் வாங்குவதும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373-ஆம் பிரிவுகளின்படி குற்றம். (முதலில் 16 ஆக இருந்த வயது வரம்பு 1924-இல் 18 ஆக உயர்த்தப்பட்டது.) ஆயினும் பொட்டுக்கட்டுதல் ஒரு சமயச் சடங்காக நடந்தது. சடங்கின்போது எவ்விதக் குற்றமும் நிகழ்ந்ததாகக் காட்ட முடியாது. அதன் விளைவு சில ஆண்டுகள் கழித்தே வரும். அதற்குள் சிறுமி வளர்ந்துவிடுவாள், சாட்சி சொல்ல எவரும் வரமாட்டார்கள். ஆகவே சடங்கையே தடை செய்ய வேண்டும் என்பது முத்துலட்சுமியின் வாதம்.

கோயில் பணிக்கு ஈடாக இக்குடும்பங்களுக்கு மானிய நிலங்கள் விடப்பட்டிருந்தன. நிலம் கையை விட்டுப் போகாமல் இருக்கத் தலைமுறைக்கு ஒரு பெண்ணையேனும் பொட்டுக்கட்ட வேண்டிய நிலை இருந்தது. 1929-இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தம் இந்தக் கட்டை அவிழ்த்தது. கோயில் பணி செய்ய வேண்டும் என்ற நிபந்தனை நீங்கி, நிலம் அனுபவித்து வந்த பெண்ணுக்கே உரிமையாகும் வழி ஏற்பட்டது. இவர் செய்தவற்றுள் அதிகம் பேசப்படாதது இது. ஆனால் ஒரு வழக்கம் எதனால் நிற்கிறது என்பதை அறிந்து செய்யப்பட்ட வேலை.

பொட்டுக்கட்டுவதைக் குற்றமாக்கும் தனி மசோதாவை 1930-இல் முன்வைத்தார். அது நிறைவேறும் முன்பே, உப்பு சத்தியாக்கிரகத்தில் காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவி விலகினார். விடுபட்ட அம்மசோதாவின் நோக்கம் நிறைவேறப் பதினேழு ஆண்டுகள் ஆயின. சென்னை தேவதாசிகள் (பொட்டுக்கட்டுதல் தடுப்பு) சட்டம் 1947-இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் நிறைவேறியது. விபசார விடுதிகள் நடத்துவோரையும் தரகர்களையும் தண்டிக்கும் சென்னைச் சட்டம் 1930-இலேயே வந்துவிட்டது. அதற்காக உழைத்தவர்களுள் முத்துலட்சுமி முதன்மையானவர். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இத்தகைய சட்டங்கள் 1923-இலேயே இயற்றப்பட்டிருந்தன.

எதிர்ப்புகள்

இம்முயற்சிகளுக்குச் சனாதனிகளிடமிருந்து மட்டும் எதிர்ப்பு வரவில்லை. தேசியத் தலைவர்களுள் ஒருவரான சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் எதிர்த்தார். தேவதாசிப் பெண்களின் சங்கத்தினரும் அரசுக்கு விண்ணப்பம் அளித்தனர். தாங்கள் கலையும் கல்வியும் கற்றவர்கள், சொத்துரிமை உடையவர்கள், தங்களை விபசாரிகளோடு ஒன்றாக வைப்பது தகாது என்பது அவர்கள் வாதம். மறுபுறம் அதே சமூகத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி ஒழிப்பிற்காக ஊர் ஊராகச் சென்று பேசினார்.

1932-இல் சதிர் ஆட்டத்தைக் காக்க வேண்டும் என வாதிட்ட வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயருக்கும் முத்துலட்சுமிக்கும் நாளிதழ் வாயிலாக நடந்த விவாதம் புகழ்பெற்றது. அந்த ஆட்டம் பின்னர் பரதநாட்டியம் என்னும் பெயரில் மேடையேறியது. மரபு வழி ஆடிவந்த குடும்பத்துப் பெண்கள் பலர் அம்மேடையில் இடம் பெறவில்லை. அம்ரித் சீனிவாசன், தாவேஷ் சோனேஜி முதலிய பிற்கால ஆய்வாளர்கள், சீர்திருத்தத்தால் இப்பெண்கள் கலையையும் வாழ்வாதாரத்தையும் இழந்தனர் என்று எழுதியுள்ளனர். வளர்ந்த பெண்களைப் பொறுத்தவரை இவ்விமர்சனத்தில் உண்மை உண்டு. ஆனால் முத்துலட்சுமியின் கவனம் பெரிதும் இன்னும் பொட்டுக்கட்டப்படாத சிறுமியர் மீதே இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அவ்வை இல்லம்

சட்டத்தால் மட்டும் ஆகாத ஒன்று இருந்தது. பொட்டுக்கட்ட மறுத்து வீட்டை விட்டு வெளியேறும் சிறுமி அன்றிரவு எங்கே தங்குவாள்? 1930-இல் இக்கேள்வி முத்துலட்சுமியின் வீட்டு வாசலுக்கே வந்தது. தேவதாசிக் குடும்பத்தைச் சேர்ந்த சில சிறுமியர் அடைக்கலம் தேடி இவரிடம் வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி சென்னையில் இருந்த மாணவியர் விடுதிகளை அணுகினார். அவர்கள் பிறந்த குலத்தைக் காரணம் காட்டி விடுதிகள் மறுத்தன. மகாராஜா கல்லூரியில் தமக்கு எதிராகச் சொல்லப்பட்ட அதே காரணத்தை ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து இவர் மீண்டும் கேட்க நேர்ந்தது. சிறுமியரைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதிலிருந்து அவ்வை இல்லம் உருவாயிற்று. இல்லத்தின் தோற்றம் 1930 என்றும் 1931 என்றும் நூல்களில் காணப்படுவதற்கு இத்தொடக்கமே காரணம் எனலாம்.

இல்லத்திற்குத் தமிழ்ப் புலவர் ஔவையாரின் பெயர் சூட்டப்பட்டது. சாதி, சமய வேறுபாடின்றி எல்லாப் பெண் குழந்தைகளுக்கும் இடம் உண்டு என்பது இதன் அடிப்படை. தேவதாசிக் குடும்பச் சிறுமியருக்கென வந்த இல்லத்தில் விரைவிலேயே அனாதைக் குழந்தைகளும், கைவிடப்பட்டோரும், வறுமையால் படிக்க இயலாதோரும் சேர்ந்தனர். பிறப்பைக் கேட்காமல் சேர்த்ததால் அங்கிருந்த சிறுமியர் எவர்மீதும் தனி முத்திரை விழவில்லை. மீட்கப்பட்ட பெண்களுக்கு மட்டும் என ஒரு விடுதி நடத்தியிருந்தால் அதன் வாசலைத் தாண்டுவதே ஒரு பழியாகியிருக்கும்.

சென்னை மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டே சிறுவர் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம் அதுவே. ஆதரவின்றித் திரியும் சிறுவரை நீதிமன்றம் வழியாகச் சான்று பெற்ற பள்ளிகளுக்கு அனுப்ப அது வகை செய்தது. எனினும் காவலரும் நீதிமன்றமும் தலையிட்ட பின்னரே அங்குக் கதவு திறக்கும். அவ்வை இல்லத்தில் சேர ஒரு சிறுமி எந்தக் குற்றத்திற்கும் உள்ளாகியிருக்க வேண்டியதில்லை, பிடிபட வேண்டியதுமில்லை. தீங்கு நேர்வதற்கு முன்பே புகலிடம் கிடைத்தது.

இல்லம் வெறும் தங்குமிடமாக இருக்கவில்லை. எழுத்தறிவோடு தையல், நெசவு போன்ற கைத்தொழில்களும் கற்பிக்கப்பட்டன. படிப்பில் தேறியவர்கள் ஆசிரியப் பயிற்சிக்கும் செவிலியர் பயிற்சிக்கும் அனுப்பப்பட்டனர். பள்ளி முடிந்து பிள்ளைகள் திரும்பிச் செல்ல வீடு இல்லை, அல்லது அவ்வீடே அபாயமானது என்னும் நிலையில், பள்ளிக்குப் பிந்தைய பொழுதைப் பாதுகாப்பதே இல்லத்தின் தலையாய வேலையாக இருந்தது. பகலில் நான்கு மணி நேரம் பாடம் சொல்லிவிட்டு மாலையில் தரகர்கள் நடமாடும் தெருவிற்கே அனுப்பிவிட்டால் அப்பாடத்தால் பயன் என்ன என்பது எளிய கணக்கு.

பின்னர் இல்லம் அடையாறு பெசண்ட் அவென்யூவில் நிலைபெற்றது. அங்குத் தொடக்கப் பள்ளியும், காலப்போக்கில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் வளர்ந்தன. இல்லத்தில் தங்காத சுற்றுவட்டாரச் சிறுமியரும் இப்பள்ளிகளில் பயின்றனர். சதிர் ஆட்டத்திற்குப் புதிய மேடை அமைத்த கலாசேத்திரா 1936-இல் இதே அடையாறில்தான் தொடங்கப்பட்டது. ஒரு மரபின் கலை ஒரு வளாகத்திலும் அம்மரபின் பிள்ளைகள் மற்றொரு வளாகத்திலும் அருகருகே வளர்ந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

பிற பணிகள்

இந்திய மாதர் சங்கத்தின் இதழான ஸ்திரீ தர்மத்தின் ஆசிரியராக இருந்தார். 1933-இல் சிகாகோவில் நடைபெற்ற அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் கலந்துகொண்டார். 1937-இல் சென்னை மாநகராட்சியின் முதல் பெண் ஆல்டர்மேன் ஆனார். சட்டமன்ற அனுபவங்களைப் பற்றி 1930-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார்; தன்வரலாறு 1964-இல் வெளிவந்தது. மாநிலச் சமூக நல வாரியத்தின் முதல் தலைவராக 1954 முதல் பணியாற்றினார். 1956-இல் பத்ம பூஷண் விருது பெற்றார்.

தங்கை சுந்தரம்மாளின் இறப்பு இவரைப் பெரிதும் பாதித்தது. இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாகப் புற்றுநோய் நிவாரண நிதியை 1949-இல் தொடங்கினார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அக்டோபர் 10, 1952 அன்று ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். ஜூன் 18, 1954 அன்று பன்னிரண்டு படுக்கைகளுடன் அது செயல்படத் தொடங்கியது. மகன் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் சேர்ந்த மருத்துவர் வி. சாந்தாவும் அதனைப் பெரிய நிறுவனமாக வளர்த்தனர்.

மறைவும் நினைவும்

முத்துலட்சுமி ரெட்டி ஜூலை 22, 1968 அன்று தமது 81-ஆம் வயதில் சென்னையில் காலமானார்.

தமிழக அரசு ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இவர் பெயரால் அமைந்துள்ளது. இதன் தொகை 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இவர் பிறந்த நாளான ஜூலை 30, அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினமாக 2019 முதல் கொண்டாடப்படுகிறது. அவ்வை இல்லம் அடையாறில் தொடர்ந்து இயங்கி வருகிறது.